யாரிடமும் இல்லாத மெஷினுக்கு ஒரு கர்னல்

உலகத்தில் யாரிடமும் இல்லாத ஒரு மெஷினில் நான் கர்னல் ஓட்டியிருக்கிறேன். அதுவும் பதுளையில், பசறை ரோட்டுக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில், மூடி பிளந்த பழைய லெப்டொப்பை வைத்துக்கொண்டு. இதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் குரல் தானாக ஏறிவிடும். டவுனில் டீ குடிக்கும்போது பேச்சு இந்தப் பக்கம் திரும்பினால் கூட்டாளிகள் "பில்லக் கட்டிட்டு வா" என்று எழுந்து போய்விடுகிறார்கள். நீங்களாவது இருங்கள்.

அந்த மெஷின், ஹைப்பர்வைசர் வசதி உள்ள ரிஸ்க்-வி ப்ரொசசர். ரிஸ்க்-வி என்பது 2010இல் பெர்க்லியில் தொடங்கிய திறந்த கட்டளைத் தொகுதி. யாரும் யாருக்கும் உரிமைப் பணம் கட்டாமல் அதை வைத்து சிப் செய்யலாம். சென்னை ஐஐடியின் 'சக்தி' ப்ரொசசர்கள் இந்த வழியில் வந்தவைதான். ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டுவதற்காக இதில் சேர்த்த பகுதிக்கு 'எச்' என்று பெயர். பெங்களூரில் வெஸ்டர்ன் டிஜிட்டலில் இருந்த அனூப் பட்டேல், லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம்மை இந்த 'எச்'சுக்குக் கொண்டுவரும் முதல் பேட்ச் தொகுதியை 2019 ஜூலையில் அனுப்பினார். அப்போது 'எச்' உள்ள ஒரு சிப்பைக் கடையில் காசு கொடுத்து வாங்க முடியாது. எந்த ஊர்க் கடையிலும் இல்லை. ஆனால் அதே கம்பனியில் இருந்த அலிஸ்டர் பிரான்சிஸ், கியூஎமு என்ற எமுலேட்டருக்குள் 'எச்'சை எழுதிக்கொண்டிருந்தார். 2020இல் வந்த கியூஎமு 5.0இல் சோதனை வசதியாக அது சேர்ந்தது. இல்லாத சிப்பை மென்பொருளில் செய்து, அதன் மேல் கர்னலை எழுதி, அதற்குள் இன்னொரு கர்னலை ஓட்டிப் பார்த்தார்கள். சிப் பிறகு வந்தால் வரட்டும்!

எங்களைப் போன்ற ஊருக்கு வன்பொருள் எப்போதும் கடைசியாகத்தான் வரும். ஒரு சின்ன போர்ட் வாங்குவதென்றாலும் டொலர், சுங்க வரி, கொழும்பில் போய் எடுத்துவருகிற செலவு. 2022இல் நாட்டில் டொலரே இல்லை. ஆனால் இந்த ஒரு வேலையில் பெங்களூர்க்காரருக்கும் கலிபோர்னியாக்காரருக்கும் என்ன கிடைத்ததோ அதுவேதான் எனக்கும் கிடைத்தது: கியூஎமு, லினக்ஸ் மூலநிரல், இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய ஸ்பெக். வேகத்தில் வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. அவர்களுக்குச் சில நிமிடத்தில் முடிகிற கம்பைல் எனக்கு ஒரு மத்தியானத்தைத் தின்னும். ஆனால் அவர்களால் பார்க்க முடிந்து என்னால் பார்க்க முடியாதது என்று எதுவும் இல்லை. கணினி தொடர்பான வேறு எந்த வேலையிலும் இந்த உணர்ச்சி எனக்கு வந்ததில்லை.

கேவிஎம்மின் அழகை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ப்ரொசசரில் இன்னொரு மெஷினைச் சுத்தமாக ஓட்ட என்ன தகுதி வேண்டும் என்று போப்பெக், கோல்ட்பர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1974இலேயே எழுதிவிட்டார்கள். ஆபத்தான கட்டளை ஒவ்வொன்றும் ட்ராப் ஆகி மேலே இருப்பவனிடம் வந்து நிற்கவேண்டும், அவ்வளவுதான். இன்டெலின் பழைய ப்ரொசசர்களில் சில கட்டளைகள் அப்படி வந்து நிற்காமல் சத்தமில்லாமல் வேறு வேலை பார்த்துவிடும். அதைச் சமாளிக்க விஎம்வேர்க்காரர்கள் ஓடும் நிரலையே வழியில் மாற்றி எழுதினார்கள், வித்தைதான் அது. 2005இல் இன்டெலும் 2006இல் ஏஎம்டியும் வன்பொருளிலேயே வழி செய்த பிறகு, கும்ரானெட் என்ற இஸ்ரேலிய கம்பனியில் இருந்த அவி கிவிட்டி ஒரு காரியம் செய்தார். புதிதாக ஒரு ஹைப்பர்வைசரை எழுதாமல், லினக்ஸையே ஹைப்பர்வைசர் ஆக்கினார். செட்யூலர் ஏற்கெனவே இருக்கிறது, நினைவக மேலாண்மை இருக்கிறது, டிரைவர்கள் இருக்கின்றன. உள்ளே ஓடும் மெஷினின் ஒவ்வொரு ப்ரொசசரும் வெளியே வெறும் ஒரு த்ரெட். 2006 அக்டோபரில் அறிவித்தது 2007 பெப்ரவரியில் லினக்ஸ் 2.6.20க்குள் வந்துவிட்டது. இன்றைக்கு கூகுள் கிளவுட் அதன் மேல்தான் ஓடுகிறது. பக்கத்து லயத்துப் பையன் கேட்டால், ஒரு டிவைஸ் கோப்பைத் திறந்து நாலைந்து அயோக்டில் கூப்பிட்டால் ஒரு மெஷின் பிறந்துவிடும் என்று காட்டுவேன். அந்த நிரல் இரண்டு திரை நீளம்கூட வராது. எத்தனை முறை காட்டினாலும் எனக்கு அலுக்காது.

என் அடுக்கு இப்படி. அடியில் லெப்டொப்பின் சொந்த லினக்ஸ். அதில் கியூஎமு, 'எச்' உள்ள ரிஸ்க்-வி மெஷினாக நடிக்கிறது. அந்த மெஷினில் கேவிஎம் உள்ள ஒரு லினக்ஸ். அதற்குள் கேவிஎம்டூல் எழுப்புகிற கெஸ்ட் லினக்ஸ் மூன்றாவது. தெமோதரை வளையத்தில் ரயில் ஸ்டேஷனைத் தாண்டிப் போய், மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்குக் கீழேயுள்ள சுரங்கத்துக்குள் நுழையும் அல்லவா? அந்த இருட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத் தலைக்கு மேலே ஒரு பிளாட்போர்ம் இருப்பது தெரியாது. மூன்றாவது லினக்ஸின் நிலைமையும் அதுதான். அதே கர்னல், அதே வழி, மேலே ஆள் இருப்பது தெரியாது. முதல் தடவை நடு லினக்ஸ் எழும்பும்போது ஹைப்பர்வைசர் வசதி இருக்கிறது, இன்ன வகை பேஜ் டேபிள் பாவிக்கிறேன், விஎம்ஐடிக்கு இத்தனை பிட் உண்டு என்று கேவிஎம் வரிசையாக மூன்று வரி அச்சடித்தது. அந்த வரிகளைப் படம் பிடித்து போனில் இன்னும் வைத்திருக்கிறேன். கல்யாண போட்டோவை விடக் கூடுதலாக அதைத்தான் பார்க்கிறேன் என்று வீட்டில் ஒரு குற்றச்சாட்டு உண்டு.

இந்த 'எச்'சின் ஸ்பெக்கைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. பதுளையில் காலை ரயில் ஏறினால் கொழும்புக் கோட்டைக்குப் போய்ச் சேரும் முன் அந்த அத்தியாயத்தைப் படித்து முடித்துவிடலாம். ஹப்புத்தளைத் திருப்பங்களில் வெளியே பார்க்க நேரமும் மிஞ்சும். இன்டெலின் கையேட்டை அப்படிப் படிக்க முடியுமா? கெஸ்ட்டுக்குள் நுழையும் நேரத்தில் ஏதாவது ஒரு புலம் பிசகியிருந்தால் இன்டெல் தருவது 0x80000021 என்ற ஒற்றை எண். கெஸ்ட் நிலை சரியில்லை என்று அதற்கு அர்த்தம். எது சரியில்லை? அதைச் சொல்லாது. விதிகளை ஒவ்வொன்றாக எடுத்து நீங்களே சரிபார்க்கவேண்டும். அந்த எண்ணின் மேல் எனக்குத் தனிப்பட்ட பகையே உண்டு.

ரிஸ்க்-வியில் நோய் தெளிவாகப் பேசும். கெஸ்ட்டின் ஒரு முகவரி இரண்டு படி தாண்டவேண்டும். முதல் படியை கெஸ்ட் தன் சொந்த பேஜ் டேபிளால் மாற்றும்; அதில் கிடைப்பது அது நம்புகிற 'பௌதிக' முகவரி. இரண்டாவது படியை ஹைப்பர்வைசர் வைத்திருக்கும் பேஜ் டேபிள் மாற்றும். அதில் கிடைப்பதுதான் நிஜம். கெஸ்ட்டின் பேஜ் டேபிளே கெஸ்ட் முகவரியில் உட்கார்ந்திருப்பதால், அதைப் படிப்பதற்கும் இரண்டாவது படியைத் தாண்டவேண்டும். மூன்று மட்டம், மூன்று மட்டம் என்று கணக்குப் போட்டால் ஒரு முகவரியைக் கண்டுபிடிக்க நினைவகத்தை 15 தடவை தொடவேண்டியிருக்கும். முதன்முதலில் காகிதத்தில் இதைக் கோடு போட்டுப் பார்த்தபோது தலை சுற்றியது. இப்போது கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் சும்மாவே வரைகிறேன்.

இரண்டாவது படி தவறினால் வரும் ட்ராப்புகளுக்குத் தனி எண்கள் உண்டு: கட்டளையை எடுக்கையில் 20, படிக்கையில் 21, எழுதுகையில் 23. பண்டாரவளைப் பக்கத்து மாணவன் ஒருவன் சின்னதாக ஒரு ஹைப்பர்வைசரைத் தானே எழுதிக்கொண்டு சனிக்கிழமைகளில் வருவான். ஒருநாள் முகம் வாடி வந்தான்.

"அண்ணே, என்ட்ரி இருக்கு. வி பிட் இருக்கு, ஆர் இருக்கு, டபிள்யூ இருக்கு. எல்லாம் இருக்கு. ஆனா திரும்பத் திரும்ப இருவத்தி மூணு வருதுண்ணே."

"ஒரே முகவரியா?"

"அதேதான். மேப் பண்றேன், திரும்பிப் போவுது, மறுபடி அங்கயே விழுவுது."

"யூ பிட்?"

"ஓடுறது கர்னல்தானேண்ணே, எதுக்கு யூசர் பிட்டு?"

இந்த இடம் இருக்கிறதே! இதற்காகவே நான் இந்த வேலையைச் செய்கிறேன். கெஸ்ட் கர்னல் உள்ளே ராஜா. தன் யூசர் நிரல்களை அதட்டுகிறது, உதைக்கிறது. ஆனால் இரண்டாவது படியில் வன்பொருள் எந்தக் கெஸ்ட் அணுகலையும் யூசர் அணுகலாகத்தான் எடுத்துக்கொள்ளும். கர்னலாக இருந்தாலும் சரி. யூ பிட் இல்லாத என்ட்ரி அங்கே செல்லாது. ஸ்பெக்கில் இதற்கு இருப்பது ஒரே வாக்கியம். பையன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, ஒரு பிட்டைச் சேர்த்தான். கெஸ்ட் தன் முதல் வரியை அச்சடித்தது. நாங்கள் போட்ட சத்தத்தில் அடுத்த காமராவில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழும்பிவிட்டது.

ஒரு தடவை விழுந்து எழும்புகிற ட்ராப்புக்கும், முடிவில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும் ட்ராப்புக்கும் திரையில் வித்தியாசம் தெரியாது. இரண்டிலும் கெஸ்ட் சும்மா நிற்கும். அங்கேதான் கியூஎமுவைக் கும்பிடவேண்டும். ஒரு சின்ன விருப்பக்கொடியைச் சேர்த்தால் ஒவ்வொரு ட்ராப்பையும் அது கோப்பில் எழுதித் தரும்: எந்த எண், எந்தக் கட்டளை, எந்த முகவரி. ஜிடிபி என்ற வழுத்திருத்தியை வெளியிலிருந்து மாட்டினால் நடு லினக்ஸை நடுவழியில் நிறுத்தி ரெஜிஸ்டர்களைப் பார்க்கலாம். நிஜ சிப்பில் இந்தச் சொகுசு கிடைக்குமா? விலை உயர்ந்த கருவி வேண்டும். இல்லாத மெஷினில் வேலை செய்வது இந்த ஒரு விஷயத்தில் இருக்கும் மெஷினை விட மேல் என்று நான் அடித்துச் சொல்வேன். பதிவுக் கோப்பு வட்டு நிறைய வீங்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

இன்னொரு சின்ன அற்புதம்: ட்ராப் விழுந்த கெஸ்ட் முகவரியை ஒரு ரெஜிஸ்டர் தருகிறது, ஆனால் இரண்டு பிட் வலப்பக்கம் தள்ளித் தருகிறது. ஏன்? 32 பிட் மெஷினில் பௌதிக முகவரி 34 பிட் வரை போகலாம், ரெஜிஸ்டருக்குள் அது அடங்காது. ஆகவே கடைசி இரண்டு பிட்டை விட்டுவிட்டு மேலே உள்ளதைத் தருகிறார்கள். விட்ட இரண்டையும் வேறொரு ரெஜிஸ்டரிலிருந்து எடுத்து ஒட்டிக்கொள்ளவேண்டும். கேவிஎம்மில் இது ஒரே வரி. அந்த ஒரு வரி புரிகிற அன்றைக்கு, சிப் வரைந்தவனும் கர்னல் எழுதியவனும் நம் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

2022க்கு வருகிறேன். லினக்ஸ் 5.16 அந்த வருடம் ஜனவரி 9ஆம் திகதி வெளியானது. ரிஸ்க்-வி கேவிஎம் உள்ளே வந்த முதல் பதிப்பு அதுதான். சில வாரங்களில் நாட்டில் மின்வெட்டு தொடங்கியது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை போனது. டீசல் இல்லை, காஸ் இல்லை. இப்படிப்பட்ட காலத்தில் யார் கர்னல் கம்பைல் பண்ணுவார்கள் என்று கேட்கத் தோன்றும். நான் பண்ணினேன், மேக் இருக்கிற தைரியத்தில். மின்சாரம் போய் லெப்டொப் அணைந்தாலும் விட்ட இடத்திலிருந்து அது தொடரும். ஓடிக்கொண்டிருந்த மெஷினுக்கு கியூஎமுவே வழி வைத்திருக்கிறது. அதன் மொனிட்டர் கட்டளை வரியில் 'சேவ்விஎம்' என்று அடித்தால், நடு லினக்ஸ், அதற்குள் ஓடும் கெஸ்ட், பாதியில் நிற்கும் கட்டளை எல்லாம் அப்படியே வட்டுக் கோப்புக்குள் போய்விடும். பெட்டரி சிவப்புக்கு வரும்போது அதைத்தான் செய்வேன்.

"கரண்டே இல்ல, இன்னும் என்னாத்தடா தட்டிக்கிட்டு இருக்க?" அம்மா குசினியில் இருந்து.

"உள்ள ஒரு மிசின் ஓடுதும்மா. அத தூங்க வச்சிட்டு வர்றேன்."

"அதையாவது தூங்க வையி. நீ எப்ப தூங்குவ?"

மின்சாரம் திரும்பியதும் 'லோட்விஎம்'. பதுளை மாவட்டமே இருட்டில் கிடந்த நேரம் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. விட்ட கட்டளைக்கு அடுத்த கட்டளை. கெஸ்ட்டின் நேரத்தைத் தள்ளிவைக்கும் டெல்டா ரெஜிஸ்டரை நான் ஒழுங்காகப் புரிந்துகொண்டதே இப்படி மறுபடி மறுபடி எழுப்பிப் பார்த்துத்தான்.

பழைய லெப்டொப்பும் தன் பங்குக்குப் பாடம் நடத்தும். ஒரு ப்ரொசசர் 21 விநாடிக்கு மேல் பதில் தராவிட்டால் லினக்ஸின் ஆர்சியு பகுதி 'ஸ்டோல்' என்று கூச்சல் போடும். எமுலேட்டருக்குள் ஹைப்பர்வைசருக்குள் ஓடும் கெஸ்ட், என் லெப்டொப்பின் நிதானத்தில் அந்தக் கெடுவைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். ஆகவே ஒரு ஸ்டோல் வந்தால் முதல் கேள்வி, இது நிஜ வழுவா, லெப்டொப்பின் மூச்சுவாங்கலா? கம்பைல் ஒன்று பின்னால் ஓடும்போது மட்டும் வந்தால் மூச்சுவாங்கல். அமைதியான ராத்திரியில் ஒரே இடத்தில் வந்தால் ஆட்டம் ஆரம்பம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த வித்தை, நடு லினக்ஸுக்கு வேண்டுமென்றே நினைவகத்தைக் குறைத்துக் கொடுப்பது. பற்றாக்குறை வந்ததும் அது கெஸ்ட்டின் பக்கங்களைப் பிடுங்கி ஸ்வொப்புக்குத் தள்ளும். பிடுங்கும் முன் கேவிஎம்முக்குத் தகவல் போகும். கேவிஎம் இரண்டாவது படி பேஜ் டேபிளில் இருந்து அந்த என்ட்ரியைக் கழற்றவேண்டும். அதே கணத்தில் இன்னொரு ப்ரொசசர் அதே பக்கத்தை மேப் செய்துகொண்டிருந்தால்? இதற்காக கேவிஎம் ஒரு வரிசை எண் வைத்திருக்கிறது. மேப் செய்யும் முன் எண்ணைப் பார்த்துக்கொள். பூட்டைப் பிடித்த பின் மறுபடி பார். மாறியிருந்தால் விட்டுவிட்டு முதலிலிருந்து வா. 32 ஜிபி வைத்திருப்பவனின் மெஷினில் இந்தப் பாதை மாதக்கணக்கில் தூங்கும். நினைவகத்தை இறுக்கி ஓட்டினால் சாயங்காலத்துக்குள் ஆயிரம் தடவை ஓடும். கர்னலோடு வரும் கேவிஎம் செல்ஃப்டெஸ்டுகளையும் இப்படி இறுக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள், வேறு உலகம்.

லினக்ஸ் 5.16க்குள் ரிஸ்க்-வி கேவிஎம் வந்த கதையும் சுவையானதுதான். ரிஸ்க்-வி பகுதியின் காவலர்களுக்கு ஒரு விதி: ஸ்பெக் உறுதிப்படாத வசதிக்குக் கர்னலில் இடம் இல்லை. 'எச்' அப்போது வரைவு. பேட்ச்கள் இருபது பதிப்பு வரை போயின. ஒவ்வொரு புதிய கர்னலுக்கும் அவற்றை மறுபடி பொருத்தி, மறுபடி அனுப்பி, மறுபடி காத்திருந்தார்கள். 2021 மே மாதம் 'ஸ்டேஜிங்' என்ற ஒதுக்கு இடத்திலாவது வைக்கலாமா என்று பார்த்தார்கள். அதன் காவலர் கிரெக் குரோ-ஹார்ட்மன் முடியாது என்றுவிட்டார். எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்திருக்கவேண்டும். வரவில்லை. அவர் சொன்னது நியாயம். ஸ்டேஜிங் துப்புரவு வேண்டிய நிரலுக்கான இடம், இந்த நிரலோ ஏற்கெனவே துப்புரவாக இருந்தது. கடைசியில் அந்த வருட முடிவில் ஸ்பெக் உறுதியானது, கேவிஎம்மின் பொறுப்பாளர் பாவ்லோ பொன்சினி வழியாக நிரல் உள்ளே வந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு நிரலைப் பழுதாகாமல் காப்பாற்றுவது என்றால் என்ன என்பது, ஒரு பேட்ச்சையாவது தன் கையால் அடுத்த கர்னலுக்கு நகர்த்தியவருக்குத்தான் தெரியும்.

பேட்ச் என்பது வெறும் எழுத்து மடல் என்பதையும் சொல்லவேண்டும். சில கிலோபைட். கர்னல் மூலத்தை முழு வரலாற்றோடு இறக்க ஜிபி கணக்கில் டேட்டா போகும், அதை டவுனுக்குப் போய்த்தான் செய்வேன். ஆனால் பேட்ச் அனுப்ப, மழைக்காலத்தில் மலைக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து வரும் ஒற்றைக் கோடு சிக்னலே போதும்.

இந்த நாடு திறந்த மூலத்துக்குப் புதிது அல்ல. கூகுளின் கோடைகால நிரலாக்கத் திட்டத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் உலகிலேயே கூடுதலான மாணவர்களைத் தந்து வருடக்கணக்கில் முதலிடத்தில் நின்றது. பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது, கணினி படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் கர்னல் பக்கம் எட்டிப்பார்ப்பவர் குறைவு. அது ஏதோ பெரிய இடத்துச் சமாசாரம் என்ற பயம். பயப்பட ஒன்றும் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பயம் வரும், அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

இப்போது நான் விழுந்து கிடப்பது ஏஐஏ என்ற புதிய இன்டரப்ட் அமைப்பில். லினக்ஸ் 6.5இல் கேவிஎம்முக்குள் வந்தது. கெஸ்ட்டுக்குப் போகும் இன்டரப்ட் ஹைப்பர்வைசரை எழுப்பாமல் நேரே போகும் வழி. அதைத் தொடர்ந்து போனால் சாப்பாடு மறந்துவிடுகிறது. தொடங்குகிறவர் அங்கே போகவேண்டாம். ரிஸ்க்-வி கேவிஎம் அடைவில் கெஸ்ட் ஏன் வெளியே வந்தது என்று பார்க்கும் கோப்பு ஒன்று உண்டு, அளவில் சின்னது; பக்கத்தில் ஸ்பெக்கைத் திறந்து வைத்துக்கொண்டு அதை முதலில் படியுங்கள். பதுளை, ஹாலி-எல, பசறைப் பக்கம் யாராவது தொடங்கினால் சனிக்கிழமை வீட்டுக்கே வரலாம். அம்மா ரொட்டி சுடுவார், சம்பல் இருக்கும். சார்ஜரை மட்டும் கொண்டுவாருங்கள், இங்கே இருப்பது ஒன்றுதான்.